புகழ் ஈகையா, கடனா?

வணிகனிடம் பொருளை வாங்கிக்கொண்டு விலையைக் கொடாது செல்பவனை உலகம் ஏமாற்றுக்காரன் என்கிறது. கூலியாளிடம் பகல் முழுதும் வேலை வாங்கிக்கொண்டு, மாலையில் கூலியைக் குறைப்பவனைக் கொடியவன் என்கிறது. ஆனால், ஒருவன் தன் இளமையையும் உடலையும் ஒரு துறைக்கு ஒப்படைத்து, அத்துறையில் அரிய செயல்களைச் செய்து முடித்தபின், அவற்றுக்குரிய மதிப்பை அளிக்காது முகத்தைத் திருப்பிக்கொள்ளும் மக்களை எவரும் எதுவும் சொல்வதில்லை. "புகழ் கொடுப்பது அவரவர் விருப்பம்; அதைக் கேட்டு வாங்க முடியுமா?" என்று கூறிவிட்டு அப்பால் போய்விடுகிறோம். புகழ் என்பது கொடுப்போன் மனம் போனபடி அளிக்கும் ஈகையா? அன்றி, பெறுவோனுக்கு உரிமையாகச் சேரவேண்டிய கடனா? இதுவே நாம் இங்கு ஆராயப் புகும் பொருள்.

இக்கேள்வியைச் சொற்களைக் கொண்டு மட்டும் ஆராய்ந்தால் முடிவு காண்பது அரிது. ஆகவே ஒரு மனிதரின் வாழ்க்கையைக் கைக்கொண்டு ஆராய்வோம். அவர் புலவர் அல்லர், அறிஞர் அல்லர், நாட்டை ஆண்டவரும் அல்லர். அமெரிக்க நாட்டில் பிறந்த கறுப்பினத்துக் குத்துச்சண்டை வீரர். எஸார்டு சார்லஸ் என்பது அவர் பெயர்.

"ஒழுக்கத்தைப் பற்றிய ஆராய்ச்சிக்குக் குத்துச்சண்டைக்காரன்தானா கிடைத்தான்?" என்று வாசகர்களில் சிலர் கேட்கக்கூடும். வேண்டுமென்றே எடுத்துக்கொண்டோம். ஒரு கவிஞனுக்கு உரிய மதிப்புக் கிடைக்கவில்லை என்று நாம் சொன்னால், "எங்களுக்கு அவன் பாட்டுப் பிடிக்கவில்லை" என்று ஒருவர் சொல்லிவிடலாம். அவர் சுவையை நாம் மறுக்க முடியாது. கோதாவில் அப்படியன்று. எதிர்த்து நின்றவன் யார், எந்த ஊரில், எந்த நாளில், எத்தனையாவது சுற்றில் வீழ்ந்தான் என்பவையெல்லாம் ஏட்டில் இருக்கின்றன. தகுதியை எண்ணிக் காட்டக்கூடிய இத்துறையிலேயே மக்கள் தகுதிக்கு உரியதைக் கொடுக்கத் தவறுவார்களானால், எண்ணிக் காட்டவியலாத துறைகளில் அவர்கள் என்ன செய்வார்கள் என்பதை நாம் விளக்க வேண்டுவதில்லை.

எஸார்டு சார்லஸ் 1921-ஆம் ஆண்டு ஜூலை மாதம் 7-ஆம் தேதி ஜார்ஜியா மாநிலத்தில் லாரன்ஸ்வில் என்னும் ஊரில் பிறந்து, ஒஹையோ மாநிலத்துச் சின்சின்னாட்டி நகரில் வளர்ந்தார். 1940-ல் தொழில்முறை வீரராகக் கோதாவில் இறங்கினார். 1942-ஆம் ஆண்டு மே மாதத்தில், இன்னும் இருபத்தொரு வயது நிறையாத நிலையில், சார்லி பர்லி என்பவரை வென்றார். அடுத்த மாதமே அவரை மீண்டும் வென்றார். இந்தப் பர்லி யார் என்று இன்று பலர் அறியார். அக்காலத்துப் பட்டம் பெற்ற வீரர்கள் பலர் இவரோடு மோத முன்வராமல் ஒதுங்கினர். கடைசிவரை பட்டத்துக்குப் போட்டியிட ஒருமுறையேனும் வாய்ப்புப் பெறாமலே ஓய்ந்தவர் அவர். அவரை ஒரு பையன் இரண்டு மாதத்திற்குள் இருமுறை வென்றான் என்பது சிறு செய்தியன்று.

1943-ல் ஜிம்மி பிவின்ஸ், லாயிட் மார்ஷல் என்னும் இருவரிடம் சார்லஸ் தோற்றார். பின்பு போர்க்காலத்தில் இராணுவத்தில் பணியாற்றித் திரும்பி, 1946-ல் அவ்விருவரையும் வென்றார். ஆர்ச்சி மூர் என்னும் பெயரைக் குத்துச்சண்டையில் சிறிதேனும் ஈடுபாடுடையோர் அறிவர். அவரோடு 1946, 1947, 1948 ஆகிய மூன்று ஆண்டுகளிலும் மோதி மூன்று முறையும் வெற்றி கண்டார் சார்லஸ். மூன்றாம் முறை எட்டாவது சுற்றில் மூர் எழ முடியாமற் போனார். ஒரு வீரனின் திறமைக்கு இவற்றைவிடச் சான்று வேண்டியதில்லை.

இவ்வளவும் லைட் ஹெவிவெயிட் என்னும் 175 ராத்தல் எடைப் பிரிவைச் சூழ்ந்து நிகழ்ந்தவை. இன்று அத்துறையின் பழைய ஏடுகளைப் புரட்டி ஆராய்வோர் பலர், அப்பிரிவில் தோன்றிய வீரர்களுள் தலைசிறந்தவர் எஸார்டு சார்லஸே என்று எழுதுகின்றனர். ஆயினும் அப்பிரிவின் உலகப் பட்டத்தை அவர் ஒருநாளும் பெற்றதில்லை. தோற்றதால் அன்று, போட்டியிடவே அவரை விடவில்லை!

இதற்கு நிற வேற்றுமையே காரணம் என்று சொல்லி முடித்துவிடலாம். அது பெரும்பாலும் உண்மையே. ஜான் ஹென்றி லூயிஸ் என்னும் கறுப்பர் 1935 முதல் 1938 வரை அப்பட்டத்தை வைத்திருந்தார். அவருக்குப்பின் 1952-ஆம் ஆண்டு டிசம்பரில் ஆர்ச்சி மூர் அதைப் பெறும்வரை இடையில் வந்தவர் அனைவரும் வெள்ளையரே. ஆனால் முழு உண்மை அதனினும் கசப்பானது. 1941 முதல் 1948 வரை பட்டத்தை வைத்திருந்தவர் கஸ் லெஸ்னெவிச். அவர் 1947-லும் 1948-லும் பில்லி பாக்ஸ் என்னும் ஒருவருக்குப் பட்டத்துக்குப் போட்டியிடும் வாய்ப்பை அளித்தார். இந்தப் பாக்ஸும் கறுப்பர்தாம். அவர் ஆர்ச்சி மூரை வென்றவரா? அன்று. சார்லஸை வென்றவரா? அதுவும் அன்று. அவரை நடத்தி வந்தவர் சூதாட்டக் கும்பலைச் சேர்ந்தவர். 1947-ல் ஜேக் லாமோட்டா என்னும் பெயர்பெற்ற வீரர் பாக்ஸிடம் தோற்றார். அது தாம் வேண்டுமென்றே தோற்ற தோல்வி என்று அதே லாமோட்டா 1960-ல் அமெரிக்க மேலவையின் விசாரணைக் குழுவின் முன் ஒப்புக்கொண்டார். தகுதி மிக்க கறுப்பர் வெளியே நிற்க, கயவரின் கைப்பிடியில் இருந்த கறுப்பர் உள்ளே அழைக்கப்பட்டார். வாயிற்காப்போன் நிறத்தை மட்டும் பார்க்கவில்லை; தன் மடியில் விழும் காசையும் பார்த்தான்.

இந்த முதற் கட்டத்தில் மக்களைக் குறை கூறுவதற்கில்லை. கதவு அடைத்தவர்கள் வேறு சிலர். மக்களோ, கதவுக்கு உள்ளே நிகழ்ந்ததை மட்டும் கண்டு, உள்ளே இருப்போரே சிறந்தோர் என்று நம்பினர். இதனினும் நாம் ஆழ்ந்து நோக்கவேண்டியது அதன்பின் நிகழ்ந்தவற்றை.

தம் எடைப் பிரிவில் கதவு திறவாதது கண்ட சார்லஸ், தம்மினும் பருத்த வீரர்கள் நிறைந்த ஹெவிவெயிட் பிரிவுக்குச் சென்றார். 1949-ஆம் ஆண்டு மார்ச் மாதம் ஜோ லூயிஸ் ஓய்வு பெற்றார். காலியான பட்டத்துக்காக அதே ஆண்டு ஜூன் மாதம் 22-ஆம் தேதி சிகாகோ நகரில் சார்லஸும் ஜெர்ஸி ஜோ வால்காட்டும் பதினைந்து சுற்றுகள் மோதினர். இந்த வால்காட், 1947-ல் ஜோ லூயிஸையே இருமுறை தரையில் வீழ்த்தி, நடுவர்களின் பிளவுபட்ட தீர்ப்பால் தோற்றவர். அவரைச் சார்லஸ் வென்றார். எனினும் நியூயார்க் மாநிலத்தார் அவரைச் சாம்பியன் என ஒப்பவில்லை. மக்களும் ஒப்பவில்லை. "லூயிஸ் இறங்கி வைத்த நாற்காலியில் இவன் ஏறி உட்கார்ந்தான்" என்பதே அவர்கள் எண்ணம்.

ஜோ லூயிஸ் மீது மக்கள் கொண்ட அன்பை நாம் குறைத்துப் பேசவில்லை. 1937 முதல் பன்னிரண்டு ஆண்டுகள் பட்டத்தைக் காத்தவர். இருபத்தைந்து முறை அதற்காகப் போரிட்டு வென்றவர். 1938-ல் ஜெர்மானியர் ஷ்மெலிங்கை முதற் சுற்றிலேயே அவர் வீழ்த்தியபோது, ஒடுக்கப்பட்ட ஓர் இனம் முழுவதும் தலைநிமிர்ந்தது. அத்தகைய அன்புக்கு அவர் முற்றும் உரியவர். (அவ்வளவு அன்பைப் பெற்றவரையும் வரி வசூலிப்போர் விட்டுவிடவில்லை என்பதை இங்கே சொல்லிவைப்போம். போர்க்காலத்தில் தம் போட்டி வருமானத்தைப் படையினரின் உதவி நிதிக்கு வழங்கியவர், அந்த வருமானத்துக்கும் சேர்த்து வரி பாக்கிக்காரர் ஆனார். அக்கடனே முப்பத்தாறு வயதில் அவரை மீண்டும் கோதாவுக்கு இழுத்து வந்தது.)

1950-ஆம் ஆண்டு செப்டம்பர் மாதம் 27-ஆம் தேதி நியூயார்க் யாங்கி அரங்கில் லூயிஸும் சார்லஸும் எதிரெதிர் நின்றனர். லூயிஸின் எடை 218 ராத்தல். சார்லஸின் எடை 184½ ராத்தல். பந்தயம் கட்டியோர் பெரும்பாலும் லூயிஸ் பக்கமே கட்டினர். பதினைந்து சுற்றுகள் நடந்தன. லூயிஸின் ஒரு கண் வீங்கி மூடிக்கொண்டது. மூவர் தீர்ப்பும் ஒன்றாகவே சார்லஸ் பக்கம் வந்தது. அன்றுதான் நியூயார்க் மாநிலமும் அவரைச் சாம்பியன் என்று ஒப்பியது. அன்றுதான் மக்கள் அவரை மன்னிக்க மறுத்ததும்!

இங்கே ஒரு விந்தை உண்டு. சார்லஸும் ஜோ லூயிஸை இளமை முதல் போற்றி வந்தவர். மக்களில் எவரும் அவரினும் மிகுதியாக லூயிஸை நேசித்திருக்க மாட்டார்கள். நேசித்தவனை அடிக்க வேண்டியது அவர் தொழிலாயிற்று. அதைச் செய்ததற்காக அவரை வெறுப்பது மக்களின் பொழுதுபோக்காயிற்று. லூயிஸ் அன்று வென்றிருந்தால், "கிழட்டு லூயிஸுக்கே ஈடுகொடுக்க முடியாதவன்" என்று சார்லஸை இகழ்ந்திருப்பர். சார்லஸ் வென்றபோதோ, "கிழட்டு லூயிஸைத்தானே வென்றான்?" என்றனர். எந்தப் பக்கம் விழுந்தாலும் ஒருவனுக்கே நட்டம் தரும் நாணயத்தைச் சுண்டிவிட்டு, அதற்கு நியாயம் என்று பெயரிடுவது எவ்வகை அறம் என்று நாம் அறியோம்.

அன்பு வேறு, மதிப்பு வேறு என்பதை இவ்விடத்தில் தெளிவாக்கிக்கொள்வோம். 'என்னை நேசி' என்று ஒருவரை எவரும் கட்டாயப்படுத்த முடியாது. தாயும் தன் பிள்ளைகளுள் ஒன்றின்மேல் சற்று மிகுந்த அன்பு வைக்கிறாள். அதற்காக அவளைக் கூண்டில் ஏற்றுவாரில்லை. ஆனால் அதே தாய், இரு பிள்ளைகள் கொணர்ந்த கூலியை எண்ணும்போது, தன் செல்லப் பிள்ளை கொணர்ந்த ஐந்து வெள்ளியைப் பத்து என்றும், மற்றவன் கொணர்ந்த பத்தை ஐந்து என்றும் சொல்வாளானால், அது அன்பன்று, பொய். மக்கள் எஸார்டு சார்லஸை நேசிக்கவில்லை என்பது குற்றமன்று. நேசியாத காரணத்தால் அவர் செய்தவற்றைக் குறைத்து எண்ணினர் என்பதே குற்றம். அன்பு ஈகை; மதிப்பு கடன். இரண்டையும் ஒரே பையில் போட்டுக் கட்டிவிட்டமையால்தான், கடனையும் ஈகை என்று எண்ணிப் பலர் கொடாமல் இருக்கின்றனர்.

மாற்றார் கூறும் மறுப்பையும் கேட்போம். "சார்லஸ் ஏறக்குறைய இருபத்தைந்து முறை தோற்றவர் அன்றோ? அத்தனை தோல்வி கண்டவரை மிகப்பெரிய வீரர் என்பது எப்படி?" என்பர். எண்ணிக்கை மெய்யே. ஆனால் அத்தோல்விகள் எப்போது வந்தன? 1940 முதல் 1951 ஜூலை மாதம் வால்காட்டிடம் பட்டத்தை இழக்கும் வரையில் அவர் தோற்றவை விரல்விட்டு எண்ணத்தக்கவை. எஞ்சியவை யாவும் அந்நாளிலும் அதன் பின்னும் வந்தவை. கால்கள் தளர்ந்தபின்னும் 1959 வரை அவர் கோதாவைவிட்டு இறங்கவில்லை. வேறு பிழைப்பு இருந்தவன் அவ்வாறு செய்ய மாட்டான். ஒரு மரம் காய்த்த ஆண்டுகளை விட்டுவிட்டு, பட்டுப்போன ஆண்டுகளையும் சேர்த்துச் சராசரி பார்த்து, 'இது காயா மரம்' என்று தீர்ப்பளிப்பது கணக்காகலாம்; நேர்மை ஆகாது. பட்டத்தை வைத்திருந்த காலத்தில் அவர் எட்டு முறை அதனைக் காத்தார். முன்பு லைட் ஹெவிவெயிட் பட்டத்தை வைத்திருந்த அதே லெஸ்னெவிச், 1949 ஆகஸ்டில் அந்த எட்டுப் பேரில் முதல்வராக வந்து தோற்றார் என்பதை அறியும்போது நமக்கு ஒரு சிறு மகிழ்ச்சி உண்டாவதை மறைக்க விரும்பவில்லை.

இன்னொரு மறுப்பு உண்டு. அது இதனினும் வலிது. இவ்வாராய்ச்சியின் நடுவில் கல்லாகக் கிடப்பது. அதைச் சுற்றிக்கொண்டு போக நாம் விரும்பவில்லை.

1948-ஆம் ஆண்டு பிப்ரவரி மாதம் 20-ஆம் தேதி சிகாகோவில் சாம் பரூடி என்னும் இருபது வயது இளைஞர் சார்லஸை எதிர்த்து நின்றார். பத்தாவது சுற்றில் வீழ்ந்தார். மறுநாள் உயிர் நீத்தார். காசு கொடுத்து வந்திருந்தோர் காணும்பொருட்டு இருவர் அடித்துக்கொண்டனர், ஒருவர் மாண்டார். இத்தகைய தொழிலுக்குப் புகழ் என்ன கேடு, இதில் கடன் என்ன, உரிமை என்ன என்று ஒருவர் கேட்டால், நம்மிடம் எளிய விடை இல்லை. குத்துச்சண்டை என்பதே இல்லாத உலகம் இருக்குமானால், அது இவ்வுலகினும் தாழ்ந்தது என்று நாம் வாதாட மாட்டோம்.

ஆனால் இதையும் எண்ணிப் பார்க்க வேண்டும். அந்த இரவுக்குப்பின் சார்லஸ் தொழிலையே விட்டுவிட நினைத்தார். விடவில்லை. விட்டிருக்க வேண்டுமா? விட்டிருந்தால் நாம் அவரை இன்னும் உயர்வாக மதித்திருப்போம் என்று சொல்வது நமக்கு எளிது. நாம் அவர் வீட்டில் அடுப்பெரிக்கவேண்டியவர்கள் அல்லர். தொடர்ந்தார், ஆனால் பழைய மனிதராகத் தொடரவில்லை என்று அவரைக் கூர்ந்து கண்டோர் பலர் கூறினர். எதிரி தள்ளாடும்போது பாய்ந்து முடிக்கும் வெறி குறைந்தது என்றனர். அதன்பின் அவர் எவரையும் வீழ்த்தவில்லை என்று இதற்குப் பொருள் கொள்ளலாகாது. அதே ஆண்டில் எல்மர் ரேயையும் ஜோ பாக்ஸியையும் இறுதிச் சுற்றுக்கு முன்னரே வென்றார். எனினும் ஹெவிவெயிட் பட்டத்தை வைத்திருந்த நாட்களில், 'மிகவும் எச்சரிக்கைக்காரன், கண்ணுக்கு விருந்தில்லை' என்ற பெயரே அவருக்கு நிலைத்தது. தற்காத்து நின்று, அளந்து அடித்து, புள்ளிகளால் வெல்வது அவர் வழக்கமாயிற்று. அரங்குகள் நிறையவில்லை.

நாம் வாசகர்களை நிறுத்திக் கேட்க விரும்புவது இதுவே. ஒரு மனிதன் தன் கையால் ஓர் உயிர் போனதைக் கண்டபின், அக்கையைச் சற்று அடக்கிக்கொண்டான். அடக்கிக்கொண்டும் வென்றான். அதைக் கண்ட மக்கள், 'இவனிடம் வெறி இல்லை' என்று அவனைத் தாழ்வாக மதிப்பிட்டனர். குத்துச்சண்டை கொடியது என்று சொல்லிப் புகழ் மறுப்பவர் ஒருபுறம். போதிய கொடுமை இல்லை என்று சொல்லிப் புகழ் மறுப்பவர் மறுபுறம். இருவரில் முன்னவரோடு நாம் வழக்காடலாம். அவர் ஒரு கொள்கையின்மேல் நிற்கிறார். பின்னவர் நிற்பது எதன்மேல்? மனச்சான்று உடைய ஒருவனைத் தண்டித்து, அத்தண்டனைக்கு 'இரசனை' என்று பெயரிடுகிறார். குத்துச்சண்டை வேண்டாம் என்போரின் கொள்கை மெய்யாகவே இரக்கத்திலிருந்து பிறந்ததானால், அக்கோதாவுக்குள் நின்றுகொண்டே கையை அடக்கிய அந்த ஒருவனை அவர்கள் முதலாவதாக மதித்திருக்க வேண்டும். அவர்களும் மதிக்கவில்லை; ஏனெனில் அவர்கள் அந்தப் பக்கம் திரும்பிப் பார்ப்பதேயில்லை.

இவ்வளவும் சொன்னபின், உலகம் எஸார்டு சார்லஸை எதற்காக நினைவில் வைத்திருக்கிறது என்று பார்த்தால் வேடிக்கையாக இருக்கிறது. அவர் வென்ற போட்டிகளுக்காக அன்று, தோற்ற இரண்டுக்காக. 1954-ஆம் ஆண்டு ஜூன் மாதம் 17-ஆம் தேதி, முப்பத்திரண்டு வயதில், இளமை கழிந்த நிலையில், அவர் ராக்கி மார்சியானோவை எதிர்த்தார். நாற்பத்தொன்பது போட்டிகளில் ஒன்றிலும் தோலாமல் ஓய்வு பெற்ற மார்சியானோவின் முன் பதினைந்து சுற்றுகளும் நிலைத்து நின்ற ஒரே மனிதர் சார்லஸ்தாம். அன்று தோற்றார். செப்டம்பரில் மறுபடியும் மோதினர். மார்சியானோவின் மூக்கு கிழிந்து குருதி நில்லாமல் ஒழுகியது. போட்டி நிறுத்தப்படக்கூடும் என்ற நிலை வந்தது. எட்டாவது சுற்றில் மார்சியானோ அவரை வீழ்த்திவிட்டார். மார்சியானோவின் கதையை எழுதுவோர் அனைவரும் இந்த மூக்கைப் பற்றி எழுதாமல் விடுவதில்லை. தம் வரலாற்றில் தலைவராக இருக்கவேண்டிய சார்லஸ், பிறர் வரலாற்றில் ஓர் இடையூறாக நுழைந்து வெளியேறுகிறார்.

தாமதமாக வந்த மதிப்புகளையும் சொல்லிவிடுவது நேர்மை. 1976-ல் சின்சின்னாட்டி நகரத்தார் ஒரு பெருந்தெருவுக்கு அவர் பெயரைச் சூட்டினர். 1990-ல் உலகக் குத்துச்சண்டைப் புகழ் மன்றத்தில் அவர் பெயர் சேர்க்கப்பட்டது. 2022-ல் அதே சின்சின்னாட்டியில் அவருக்குச் சிலை எழுந்தது. ஆகவே கடன் தீர்ந்துவிட்டது என்று ஒருவர் கூறலாம். ஆனால் அவர் 1975-ஆம் ஆண்டு மே மாதம் 28-ஆம் தேதியே சிகாகோவில் இறந்துவிட்டார். அப்போது அவருக்கு வயது ஐம்பத்து மூன்று. உயிரோடிருக்கும் கூலியாளுக்குத் தராத கூலியை அவன் கல்லறையில் கொண்டுபோய் வைப்பவனை நாம் கணக்குத் தீர்த்தவன் என்போமா? சிலைக்குச் செய்யும் மரியாதை செய்வோருக்கு எளிது. சிலை வீட்டு வாடகை கேட்பதில்லை. நாம் சிலைகளை வேண்டாம் என்று சொல்லவில்லை. பிறந்துவரும் பிள்ளைகள் கேட்டு அறிய அவை உதவும். செத்தவருக்கு அவற்றால் வருவது ஒன்றுமில்லை.

அவர் இறந்தது எளிய சாவன்று. தசைகளை இயக்கும் நரம்புகள் ஒவ்வொன்றாக அழிந்து, முதலில் கால்களும் பின்பு கைகளும் பின்பு பேச்சும் போய்விடும் கொடிய நோய் அவரைப் பற்றியது. லூ கெரிக் என்னும் பேஸ்பால் வீரரைக் கொன்றதால் அவர் பெயராலேயே அமெரிக்கர் அதை அழைக்கின்றனர். ஆர்ச்சி மூர் தொடவே முடியாமல் திணறிய அக்கால்கள் முதலில் ஒத்துழைக்க மறுத்தன. சேர்த்து வைத்த பணமும் இல்லை.

1968-ல் சிகாகோவில் அவருக்கு உதவி நிதி திரட்ட ஒரு கூட்டம் நடந்தது. ஒரு காலத்தில் காசு கொடுத்து உள்ளே வந்து, 'இவன் லூயிஸ் ஆவானா?' என்று கேட்டவர்கள் ஆயிரக்கணக்கானோர் அப்போதும் உயிரோடுதான் இருந்தனர். அவர்களுள் எத்தனை பேர் வந்தனர் என்பது நம் ஆராய்ச்சிக்கு வேண்டியதன்று. வந்தவர்களுள் ஒருவர் ராக்கி மார்சியானோ. அவர் அங்கே யாரிடமும் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டியது ஒன்றுமில்லை. பதினான்கு ஆண்டுகளுக்கு முன் எஸார்டு சார்லஸின் கையால் மூக்குக் கிழிந்து நின்றவர் அவர்.